மஞ்சக் கடுதாசி வந்த மாப்ளைக்கு மாமன் சொல்ற புத்தி

வாங்க மொதலாளி, வாங்க! மூணு வட்டிக்கு விட்டு மூணு மாடி கட்டப் போற மகராசனை நிக்க வச்சுப் பேசுனா ஊரு என்னையத்தானே ஏசும்? உக்காரு மாப்ள. அக்கா மகன்கிறதால ஓசியில சொல்றேன். வெளியாளு கேட்டா காப்பித்தண்ணிக்காவது வாங்காம விடமாட்டேன்.

கையில என்ன, மஞ்சக் கடுதாசியா? குடு பாப்போம். அடடா, உன் பேரை எம்புட்டு அழகா அடிச்சிருக்கான்! உங்க பெரியப்பன் மகன் கல்யாணப் பத்திரிகையில கூட உன்னைய ‘மற்றும் உற்றார் உறவினர்’லதான் சேத்தாங்க. இதுல 17-வது எதிர்மனுதாரர்னு நம்பர் போட்டு, தகப்பன் பேரு, கதவு எண்ணு, தெரு வரைக்கும் எழுதியிருக்கான். கடன் கொடுத்தவனுக்கு இந்த நாட்டுல கிடைக்கிற மரியாதை இதுதான். பிரேம் போட்டு மாட்டிக்க.

காலையில, உன்கிட்ட கடன் வாங்கித் திவால் மனு போட்டவன் மளிகைக்கடை முன்னாடி நின்னு ஒரு மணி நேரம் கத்துனியாமே? மூடுன ஷட்டர் என்ன பதில் சொல்லுச்சு? அது போக, போன வாரம் ராத்திரி கடையில இருந்த பெரிய பிரிட்ஜை ஆட்டோவுல ஏத்திக் கொண்டாந்துட்டியாம். சமத்து! ஒரே ஒரு சந்தேகம் மாப்ள: அவனா குடுத்தானா, நீயா தூக்குனியா? நீயா தூக்குனா போலீஸ் வந்து கேக்கும். அவனா குடுத்தா, திவாலானவன் சொத்தைப் பாத்துக்கக் கோர்ட்டு போடற ரிசீவர் வந்து கேப்பாரு. மனு போடறதுக்கு முந்துன 3 மாசத்துக்குள்ள, மத்தவனுக்கெல்லாம் நாமத்தைப் போட்டுட்டு உனக்கு மட்டும் சாதகம் பண்ணணும்னு குடுத்தது செல்லாதுன்னு நொடிப்புச் சட்டத்துல 54-வது பிரிவு இருக்கு. ரெண்டுல எதுன்னு உன் வக்கீல்கிட்ட உண்மையைச் சொல்லு. என்கிட்ட சொல்லாத, நான் சாட்சிக்கூண்டு ஏறுற வயசைத் தாண்டிட்டேன்.

என்னது? ‘கடன்காரன் மனு போட்ட நிமிசமே வசூல் எல்லாம் நின்னு போகும், கோர்ட்டுல அனுமதி வாங்கினாத்தான் மறுபடி கேக்கலாம்’னு யூடியூப்புல ஒருத்தர் சொன்னாரா? அவரு கோட்டு போட்டிருந்தாரா? பின்னாடி ஜன்னல்ல பனி பெய்ஞ்சுதா? அப்ப அது அமெரிக்கா மாப்ள. அவரு சொன்னது அந்த ஊருக்குச் சரிதான். அங்க திவால் சட்டத்துல 362-னு ஒரு பிரிவு. மனு உள்ள விழுந்த மறு நொடியே போன் பண்ணக் கூடாது, காரைத் தூக்கக் கூடாது, வீட்டை ஏலம் விடக் கூடாது. காருக்குக் கடன் கொடுத்த பாங்க்காரன் கோர்ட்டுக்குப் போயி, ‘ஐயா, தவணையும் வரலை, காரும் தேயுது, என் ஈட்டுக்குப் பாதுகாப்பு இல்லை’ன்னு காட்டணும். இல்லைன்னா, ‘காரு விலையைவிடக் கடன் கூட, அவன் தொழிலைத் தூக்கி நிறுத்த இந்தக் காரு தேவையுமில்லை’ன்னு சொல்லணும். அப்படிக் கேட்டு 30 நாளுக்குள்ள கோர்ட்டு தடையை நீட்டி உத்தரவு போடலேன்னா, அந்தச் சொத்து மட்டுக்கும் அவனுக்குத் தடை தானா விலகிரும். ஒரு வருசத்துக்குள்ள ரெண்டு மனு தள்ளுபடியாகி மூணாவது மனுவோட வர்ற கெட்டிக்காரனுக்கு, மனு போட்டதும் தானா வர்ற அந்தத் தடையே கிடையாது. நம்ம ஊரு ஆளுக அங்க இருந்திருந்தா அந்தச் சட்டத்தை இன்னும் நாலு தடவை திருத்தியிருப்பாங்க.

உன் கடன்காரன் கடை வச்சிருக்கிறது டெக்சாஸ்ல இல்லை, பஸ் ஸ்டாண்டு பின்னாடி. இங்க உள்ள சட்டம் 1920-ல வெள்ளைக்காரன் எழுதுன மாகாண நொடிப்புச் சட்டம். சென்னைப் பட்டணத்துக்கு மட்டும் அதுக்கு மூத்தது ஒண்ணு, 1909-ஆம் வருசத்துது. கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூணுக்கும் சேத்து எழுதுனது. அங்க ஐகோர்ட்டுல அஃபிஷியல் அசைனின்னு ஒருத்தர் இருப்பாரு. நம்ம பக்கம் அஃபிஷியல் ரிசீவர். 2016-ல டெல்லிக்காரங்க புதுசா ஒரு திவால் சட்டம் கொண்டாந்து, இந்த ரெண்டு கிழவனையும் கழிச்சுக் கட்டறதா அதுக்குள்ளயே எழுதி வச்சாங்க. கம்பெனிக்கு அது வந்துருச்சு. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ன முதலாளிகளுக்கு 2019 டிசம்பர் 1-லேர்ந்து வந்துருச்சு. சாதா மனுசனுக்கு மட்டும் இன்னும் வந்து சேரலை. அதனால மளிகைக்கடைக்காரன் திவாலானா அந்த நூறு வயசுக் கிழவன்தான் இன்னமும் பஞ்சாயத்துப் பண்றான். கடன் 500 ரூபாய்க்குக் கொறையாம இருந்தா மனு போடலாம்னு அதுல இருக்கு. நீ டீக்கடையில வச்சிருக்கிற பாக்கிக்கே நீயும் ஒரு ஐ.பி., அதான் திவால் மனு, போட்டுரலாம் மாப்ள, தகுதி இருக்கு.

சரி, மொதல்ல பாக்க வேண்டியதைப் பாரு. கடுதாசியில கோர்ட்டு முத்திரை இருக்கா? ஐ.பி. நம்பர், வருசம், வாய்தா தேதி இருக்கா? இருக்கு. நல்லது. ஏன்னா பாதிப் பேரு வக்கீல் நோட்டீசை அனுப்பிட்டு ‘ஐ.பி. குடுத்துட்டேன்’னு ஊரெல்லாம் சொல்லித் திரிவான். கோர்ட்டுப் பக்கம் நிழலுக்குக் கூட ஒதுங்கியிருக்க மாட்டான். அப்படி ‘என்னால கடனைக் கட்ட முடியாது, நிறுத்திட்டேன்’னு கடன் கொடுத்தவனுக்கு அறிவிப்புக் குடுக்கறதே திவால் செயல்னு சட்டம் சொல்லுது. அதை வச்சு 3 மாசத்துக்குள்ள நீயே போயி, ‘இவனைத் திவாலானவன்னு அறிவிங்க’ன்னு மனு போடலாம். பூச்சாண்டி காட்டுனவனுக்கு நீ நிசப் பேயைக் காட்டுனாப்புல ஆயிரும்.

அடுத்தது, உன் யூடியூப் வாத்தியாரு சொல்லாதது. நம்ம சட்டத்துல வெறுமனே மனு போட்டதும் உன் கை கட்டுப்படாது. கோர்ட்டு விசாரிச்சு, ‘இவன் நொடிச்சவன்தான்’னு தீர்ப்பாணை போடணும். அன்னைக்குத்தான் 28-வது பிரிவு எந்திரிச்சு உக்காரும். அவன் சொத்து முழுக்க கோர்ட்டு கைக்கோ ரிசீவர் கைக்கோ போயிரும். அப்புறம் கடன் கொடுத்த எவனும் கோர்ட்டு அனுமதி இல்லாம அந்தச் சொத்து மேல கை வைக்கவும் கூடாது, புதுசா வழக்குப் போடவும் கூடாது. அனுமதி குடுத்தாலும், கோர்ட்டு என்ன நிபந்தனை போடுதோ அதுக்குள்ளதான். மனு நிலுவையில இருக்கறப்பவே தடை வேணும்னா அவன் தனியாக் கேட்டு வாங்கணும். வாங்கிருக்கானான்னு உன் வக்கீலை விட்டுக் கட்டைப் பாக்கச் சொல்லு. பாக்காம நீ பாட்டுக்கு ஒரு வருசம் கையைக் கட்டிட்டு இருந்தேன்னா, அவன் கும்பிட்ட சாமி ரொம்பச் சக்தி உள்ள சாமின்னு அர்த்தம்.

இந்த அனுமதி ஏன்னு கேக்குற. நம்ம கம்மாயைப் பாரு. தண்ணி வத்திப் போச்சுன்னா ஊர்க்கூட்டம் போட்டு நீர்க்கட்டி கையில மடையைக் குடுத்துருவோம். அவன்தான் முறை வச்சுத் திறப்பான். ராத்திரியில மம்பட்டியைத் தூக்கிட்டுப் போயி எவனாவது கரையை வெட்டுனா கட்டி வச்சு அபராதம். ஆனா தன் வயலுக்குள்ள சொந்தக் கிணறு வச்சிருக்கிறவன் யாரைக் கேக்கணும்? அவன் பாட்டுக்கு மோட்டாரைப் போடுவான். ரிசீவர்தான் நீர்க்கட்டி. சொந்தக் கிணத்துக்காரன் யாருன்னா, சொத்தை ஈடா எழுதி வாங்கினவன். நீ யாருன்னா, மம்பட்டியும் கையுமா நிக்கறவன்.

ஆக, கோர்ட்டு உன்னைய மொதல்ல கேக்கறது ‘எவ்வளவு கத்துன’ன்னு இல்லை. ‘உன் கடன் என்ன சாதி’ன்னுதான். மூணு சாதி இருக்கு, விரல் விட்டுக் கேளு.

ஒண்ணு, ஈட்டு மேல கடன் கொடுத்தவன். முறையாப் பதிஞ்ச அடமானம் வச்சிருக்கிறவன். அவனுக்கு அந்தச் சொத்து மட்டுக்கும் அனுமதியே தேவையில்லை. 28-வது பிரிவு அவனைத் தொடாதுன்னு அதுக்குள்ளயே எழுதியிருக்கு. அவனுக்கு மூணு வழி: ஈட்டை வித்துக் காசாக்கிட்டு, கொறையுற பாக்கிக்கு மட்டும் வரிசையில வந்து நிக்கலாம். இல்ல, ஈட்டையே எல்லாருக்கும் பொதுவா விட்டுட்டு மொத்தக் கடனுக்கும் நிக்கலாம். அதுவுமில்லேன்னா ஈட்டுக்கு ஒரு மதிப்புச் சொல்லிட்டு மீதிக்கு நிக்கலாம். உங்க சின்னத்தை அவன்கிட்ட 2 லட்சம் குடுக்கறப்பவே ரிஜிஸ்தர் ஆபீசுக்கு இழுத்துட்டுப் போயி அடமானம் பதிஞ்சுக்கிட்டா பாத்தியா? அன்னைக்கு ‘பொம்பளைக்கு எம்புட்டுச் சந்தேகம்’னு சிரிச்ச. இன்னைக்கு அவ வீட்டுல மத்தியானத் தூக்கம் தூங்குறா, நீ என் திண்ணையில முழிச்சுக்கிட்டு இருக்க.

ரெண்டு, டிகிரி வாங்கினவன். வழக்கு முடிஞ்சு, ஜப்தி வரைக்கும் போயிட்டவன். ஏலம் விட்டு, மனுவைக் கோர்ட்டு ஏத்துக்கிட்ட தேதிக்கு முன்னாடியே காசு கைக்கு வந்திருந்தா அது அவனுக்கு. அதுக்குப் பின்னாடின்னா, அமீனா ஒட்டின நோட்டீசை வச்சு விசிறிக்க வேண்டியதுதான். ஏலத்துக்கு முந்தி ‘ஐ.பி. ஏத்துக்கிட்டாங்க’ன்னு ஜப்திக் கோர்ட்டுக்குத் தெரிவிச்சு மனுக் குடுத்தா, ஜப்தி பண்ண சரக்கு ரிசீவர்கிட்ட போயிரும்.

மூணு, வெறும் புரோநோட்டுக்காரன். அதாவது நீ. ஒரு ரூபாய் ஸ்டாம்பை ஒட்டி, அதுக்கு மேல கையெழுத்து வாங்கிட்டு உலகத்தையே வளைச்சுப் போட்டதா நினைச்சுக்கிட்ட பாரு, அந்தச் சாதி. தீர்ப்பாணை வந்துருச்சுன்னா உனக்குத்தான் இந்த அனுமதிச் சமாச்சாரம்.

அனுமதி எப்படிக் கேக்கறதுன்னு இப்பக் கேளு. அந்த ஐ.பி. எந்தக் கோர்ட்டுல நடக்குதோ அங்கயே உன் வக்கீல் ஐ.ஏ.ன்னு ஒரு இடைமனு போடுவாரு. கூடவே உன் அபிடவிட்டு. அதுல ‘என் வயிறு எரியுது’ன்னு நாலு பக்கம் எழுதாத, ஜட்ஜுக்கு அது தெரியும். எம்புட்டுக் கடன், எந்தத் தேதி, என்ன ஆதாரம், ஏன் தனி வழக்கு வேணும், அதனால கடன் கொடுத்த மத்தவங்களுக்கு ஏன் நட்டம் வராது, இதைச் சொல்லு. நகல் கடன்காரனுக்கும் ரிசீவருக்கும் போகும். ரெண்டு பேரும் எதிருரை போடுவாங்க. அப்புறம் வாய்தா, அப்புறம் வாய்தா, அப்புறம் வக்கீல் வீட்டுக் கல்யாணம், அப்புறம் வாய்தா.

ஜட்ஜு என்ன யோசிப்பாருன்னா, ‘இது ஒரு சாதாரண நோட்டுக் கடன். இங்கயே நிரூபிச்சாப் போதுமே, தனி வழக்கு எதுக்கு? செலவு யாரு தலையில?’ன்னு யோசிப்பாரு. அந்தக் கேள்விக்கு உன்கிட்டப் பதில் இல்லேன்னா அனுமதி கிடைக்காது. ஆனா கூட்டு வியாபாரக் கணக்கு, வேற ஆளுகளையும் சேத்து வழக்காட வேண்டிய சங்கதி, நீள நீளமா சாட்சி எடுக்க வேண்டிய தகராறுன்னா விசயம் வேற. ‘சரி, போயி வழக்கை நடத்து. டிகிரி வாங்கு. ஆனா என்னைக் கேக்காம ஜப்திக்குப் போகாத’ன்னு கயிறு கட்டி அனுப்பலாம். உன் வழக்கு முன்னாடியே வேற கோர்ட்டுல நடந்துக்கிட்டு இருந்தா அது வேற கணக்கு. தீர்ப்பாணையை அங்க காட்டுனா, நிறுத்தி வைக்கறதா, நிபந்தனை போட்டு நடத்த விடறதான்னு அந்தக் கோர்ட்டே முடிவு பண்ணும்.

உன்னைய மாதிரி ஆளுக்கு அனுமதியை விடச் சுலபமான வழி ஒண்ணு இருக்கு, ஆனா அதுல வீரம் கம்மி. கடனை அங்கயே நிரூபிக்கறது. ஒரு அபிடவிட்டு, ரிஜிஸ்தர் தபால்ல கூட அனுப்பலாம். உன் பேரு கடன் கொடுத்தவங்க பட்டியல்ல ஏறும், ரிசீவர் சொத்தை வித்துப் பங்கு போடறப்ப உனக்கும் ஒரு பங்கு வரும். செலவு போகும், சர்க்காருக்கும் உள்ளாட்சிக்கும் கட்ட வேண்டியது முந்திப் போகும், கடைப் பையனோட கடைசி 4 மாசச் சம்பளமும் முந்திப் போகும். அந்தச் சம்பளத்துக்கு 1920-ல எழுதுனவன் வச்ச உச்சவரம்பு என்ன தெரியுமா? 20 ரூபாய். வெள்ளைக்காரன் தாராளம்!

சிரிக்காத, அடுத்தது உனக்குத்தான். மூணு வட்டின்னா வருசத்துக்கு நூத்துக்கு 36. பங்கு போடறப்ப உன் வட்டியை வருசத்துக்கு நூத்துக்கு 6-க்கு மேல கணக்கெடுக்கக் கூடாதுன்னு 48-வது பிரிவு. எல்லாக் கடனும் முழுசாத் தீர்ந்து அதுக்கப்புறமும் மிஞ்சுனா மீதி வட்டியைக் கேக்கலாமாம். திவாலானவன் வீட்டுல மிஞ்சுனா! அந்த வரியை எழுதுனவன் நம்மளை விடப் பெரிய நக்கல்காரனா இருக்கணும். அதுக்கு மேல ஒரு சங்கதி: நீ அந்த 36-ஐ கோர்ட்டுல வாய் விட்டுச் சொன்னா, கந்துவட்டித் தடைச் சட்டம்னு 2003-ல ஒண்ணு போட்டிருக்காங்க. 3 வருசம் வரைக்கும் உள்ள தள்ளலாம். அசலுக்குப் போனவன் அங்கயே தங்கிட்டான்னு ஊர் சொல்லும்.

இப்ப, கெட்டிக்காரத்தனமா இருந்து ஏமாந்து போற இடம் ஒண்ணு சொல்றேன். நோட்டு எழுதி எத்தனை வருசமாச்சு? ரெண்டே முக்காலா? அட மகராசா! கேட்டதும் குடுக்கணும்னு எழுதுன புரோநோட்டுக்கு எழுதுன தேதியிலேர்ந்து 3 வருசம்தான் ஆயுசு. நடுவுல வட்டியோ அசலோ கொஞ்சம் கட்டி, அவன் கைப்பட வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தா அன்னையிலேர்ந்து புதுசா எண்ணலாம். போட்டானா? ‘ஜி-பேயில அனுப்புனான்’ங்கற. அதை வக்கீல்கிட்டக் காட்டு. ‘ஐ.பி. போட்டுட்டான், அதனால கெடு நின்னு போகும்’னு நெனச்சுக்கிட்டு இருந்தா அது தப்பு. தீர்ப்பாணை போட்ட தேதியிலேர்ந்து, பின்னாடி அது ரத்தானா ரத்தான தேதி வரைக்கும் உள்ள நாளைத்தான் கெடுவுல கழிப்பாங்க. மனு போட்டதுலேர்ந்து தீர்ப்பாணை வரைக்கும் ஓடுற நாள் உன் கணக்குலதான் ஓடும். அந்த இடைவெளியிலதான் நிறைய நோட்டு செத்துப் போகுது. கடன்காரனுக்கு அது தெரியும், அவன் வக்கீலுக்கு இன்னும் நல்லாத் தெரியும். வாய்தா வாங்குற அழகைப் பாத்தாலே தெரியும்.

அந்த நோட்டுல ஜாமீன் கையெழுத்துன்னு இன்னொருத்தன் போட்டிருக்கானே, யாரு அது? அவன் தம்பியா? அரசாங்க உத்தியோகமா? மாப்ள, இம்புட்டு நேரமா நீ அதைச் சொல்லலையே! அண்ணன் திவாலானா தம்பி ஜாமீன் கரைஞ்சு போகாது. அண்ணனுக்குக் கோர்ட்டு விடுதலை குடுத்தாலும் ஜாமீன்தாரன் விடுதலை ஆகமாட்டான். 28-வது பிரிவு காப்பாத்தறது நொடிச்சவன் சொத்தை, தம்பி சம்பளத்தை இல்லை. கெடு முடியறதுக்குள்ள அவன் மேல வழக்கைப் போடு. இருக்கிற கதவைத் தட்டாம இல்லாத கதவை முட்டிக்கிட்டு இருந்திருக்க.

சரி, கடுதாசியைத் திருப்பு. சொத்துப் பட்டியல் பாத்தியா? ‘வீட்டுச் சாமான்கள், மதிப்பு 5,000 ரூபாய்.’ அம்புட்டுதான். மாடி வீடு எங்க? போன வருசம் பெண்டாட்டி பேருக்குத் தான செட்டில்மெண்ட்டு. புருசன் பொண்டாட்டி பாசம்! மனு போடறதுக்கு முந்துன 2 வருசத்துக்குள்ள, நியாயமான விலை வாங்காம மாத்தி எழுதுன சொத்தை 53-வது பிரிவுல கோர்ட்டு ரத்துப் பண்ணலாம். அதைக் கேக்க வேண்டியவரு ரிசீவர். அவருக்கு ஆயிரம் சோலி. நீ எழுத்து மூலமாக் கேளு. அவரு மாட்டேன்னா, உன் கடனை நிரூபிச்சிருந்தா, கோர்ட்டு அனுமதியோட நீயே அந்த மனுவைப் போடலாம்னு 54-ஏ பிரிவு. அனுமதி கேக்கறதுன்னா அதைக் கேளு மாப்ள. பிரிட்ஜுக்குச் சண்டை போடறவன் வீட்டை விட்டுட்டு வந்திருக்க.

எதிர்மனுதாரர் பட்டியலையும் படி. 1 பாங்க்கு. 2 அரிசி மண்டி. 3 எண்ணெய் ஏஜென்சி. இங்க பாரு, 9-வது ஆளு: 8 லட்சம். அவன் மச்சினன்! சைக்கிளுக்குக் காத்தடிக்கவே கடன் கேக்கறவன் 8 லட்சம் கடன் குடுத்திருக்கான். இதை எதுக்குச் சேக்கறாங்க தெரியுமா? பங்குல பாதி சுத்திக்கிட்டு அதே வீட்டுக்கே போயிரும். அது போக, ‘ரூபாய்க்கு 20 காசு தர்றேன், முடிச்சுக்குவோம்’னு அவன் சமரசம் பேசுனா, கடனை நிரூபிச்சு அங்க ஆஜரானவங்கள்ல தலை எண்ணிக்கையில பெரும்பான்மையும், தொகையில முக்கால் பங்கும் ஒத்துக்கிட்டா அது நிறைவேறும். அப்புறம் கோர்ட்டு சரின்னுட்டா எல்லாரையும் கட்டும். மச்சினன் 8 லட்சத்துக்குக் கை தூக்குவான், நீ 60 ஆயிரத்துக்கு முறைச்சுக்கிட்டு நிப்ப. அதனால அந்தக் கடனைப் பட்டியல்லேர்ந்து அடிக்கச் சொல்லி ரிசீவரை நெருக்கு. ‘8 லட்சம் எந்த பாங்க்கு வழியாப் போச்சு’ன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொல்லு. நிறையப் பாசம் அந்தக் கேள்வியில கலைஞ்சு போயிருக்கு. பொய்க்கணக்குக் காட்டினா, சொத்தை ஒளிச்சா 69-வது பிரிவுல ஒரு வருசம் வரைக்கும் ஜெயிலும் உண்டு.

‘அவனை உள்ள தள்ளாம விடமாட்டேன்’ங்கற. தள்ளு, உனக்கு வசதி இருந்தாத் தள்ளு. கடனுக்காகச் சிவில் ஜெயில்ல ஒருத்தனைப் போடணும்னா அவன் சாப்பாட்டுப் படியை டிகிரிக்காரன்தான் கட்டணும். குடுத்த 60 ஆயிரம் போக, அவனுக்கு மூணு வேளைச் சோறும் போடப் போறியா? அன்னதானம்னு போர்டு வச்சுரு, புண்ணியமாவது வரும். அது போக, வெறுமனே கையில காசில்லாத குத்தத்துக்கு ஒருத்தனைச் சிறையில வைக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 1980-லேயே சொல்லிருச்சு. காசை வச்சுக்கிட்டே குடுக்க மாட்டேங்கறான்னு நீ நிரூபிக்கணும். திவால்னு அறிவிச்சப்புறம் அவன் பாதுகாப்பு உத்தரவு வேற வாங்கிக்கலாம்.

இன்னொண்ணு, அவன் வீட்டுல கண்டதையெல்லாம் எழுதிக்கிட்டு வந்தியே ஒரு லிஸ்ட்டு, அதுல பாதியை அடி. உடுத்துற துணி, சமைக்கிற பாத்திரம், படுக்கை, தொழில் செய்யறவனோட கருவி, பொம்பளைங்க கழுத்துலேர்ந்து கழட்டக் கூடாதுன்னு சம்பிரதாயம் உள்ள நகை, இதெல்லாம் ஜப்திக்கு உட்படாத சொத்து. ரிசீவரே தொட முடியாது. நீ தொட்டா ஊரு தொடும்.

கடைசியா அவன் விடுதலை கேட்டு வருவான். ‘எல்லாக் கடனும் தீர்ந்ததுன்னு உத்தரவு போடுங்க’ன்னு. அன்னைக்குத்தான் நிறையப் பேரு கோர்ட்டுக்கே வர மாட்டாங்க, ‘எல்லாம் போச்சு’ன்னு வீட்டுல உக்காந்துருவாங்க. அன்னைக்குத்தான் நீ போகணும். ஈடில்லாக் கடனுக்கு ரூபாய்க்கு 50 காசு அளவுக்காவது சொத்து இல்லாம, அதுக்குத் தான் காரணமில்லேன்னும் காட்ட முடியலேன்னா முழு விடுதலை கிடையாது. கணக்குப் புத்தகம் ஒழுங்கா வைக்கலேன்னாலும், சூதாடி அழிச்சிருந்தாலும், தகுதிக்கு மீறி ஆடம்பரம் பண்ணியிருந்தாலும் அப்படித்தான். போன ஆனியில மக காதுகுத்துக்குப் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து மண்டபம் வரைக்கும் பிளெக்ஸ் வச்சானே, அந்த போட்டோ உன் போன்ல இருக்கா? நீயும் அதுல சிரிச்சுக்கிட்டு நிக்கறியா? பரவாயில்லை, வெட்டிட்டு ஒப்படை. ஏமாத்தி வாங்குன கடனும், சர்க்காருக்குப் பட்ட கடனும் விடுதலைக்கு அப்புறமும் உசுரோட இருக்கும்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க மாப்ள. அவனும் ஒரு மனுசன்தான். தொழில் படுத்து, நெசமாவே கையேந்தி நிக்கறவனுக்கு மூச்சு விட இடம் குடுக்கத்தான் இந்தச் சட்டம். அந்த இடத்துல வீட்டையும் மச்சினனையும் ஒளிச்சு வச்சுட்டுப் படுத்துக்கிறவனை எழுப்பத்தான் கோர்ட்டு உனக்கு வழி வச்சிருக்கு. எழுப்பறதுக்குக் காகிதம் வேணும், கத்தல் வேணாம். கேட்டா எல்லாம் கிடைக்கும்னு நான் சொல்லலை. கேக்காம எடுத்தது எதுவும் கையில நிக்காது, அதைச் சொல்றேன்.

வாய்தா அடுத்த திங்கக்கிழமைன்னு போட்டிருக்கு. நோட்டு, வரவுச் சீட்டு, பாங்க்கு பாஸ்புக்கு, தம்பியோட வேலை விலாசம், செட்டில்மெண்ட்டுப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நாளைக்கு வெள்ளென வக்கீலைப் போயிப் பாரு, வக்காலத்துப் போடச் சொல்லு. வாய்தா அன்னைக்கு நீ ஆஜராகலேன்னா, ‘17-வது எதிர்மனுதாரர் வரவில்லை’ன்னு ஒருதலையா எழுதிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டுருவாங்க.